பத்தொன்பதாம் சீட்டில் உட்கார்ந்த ஆய்வேடு

எழுபது வருசம் கழித்து எழுதப்படப் போகிற ஆய்வேடு ஒன்று, வைகாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை ஒன்பதே காலுக்கு, நாற்பத்திரண்டு சீட் பஸ்ஸில் வந்து ஏறியது. ஏறினது ஏறினதுதான், யாரும் வாயைப் பிளக்கவில்லை, ஏனென்றால் அந்த பஸ்ஸில் எல்லோருமே கண்ணுக்குத் தெரியாமல்தான் ஏறுவார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது கிடையாது, "ஏறுகிறேன்" என்று ஒரு வரி வரும், அந்த வரிதான் ஆள். அன்றைக்கும் அப்படித்தான், "ஏறுகிறேன்" என்று ஒரு வரி வந்தது, கண்டக்டர் சீனிராஜ் "யாரு, எங்க போகணும்" என்று கேட்டார், வந்தது தன் பெயரைச் சொன்னது: "எழுத்துவழிச் சிறு சமூகம் ஒன்றின் வாழ்வும் மறைவும்: நாற்பத்திரண்டு இருக்கைகள் குறித்த ஆய்வேடு." தேதியும் சொன்னது. அந்தத் தேதி வர இன்னும் எழுபது வருசம் கிடந்தது. எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டதற்கு இன்னும் கட்டாத ஒரு கட்டடத்தின் பெயரைச் சொன்னது. "சரி, சீட்டு இல்ல, நின்னுக்கிட்டு வாரும்" என்றார் சீனிராஜ். நின்றுகொண்டது.

பஸ் என்றதும் டயரும் ஹாரனும் தேட வேண்டாம். கோவில்பட்டியில் டயர் ரீட்ரேடிங் கடை வைத்திருக்கிற சீனிராஜ், கடைப் பரணில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் பதினோரு வருசத்துக்கு முன்னால் கட்டிய பஸ் அது, முழுக்க முழுக்க எழுத்தாலே ஆனது. படம் போட முடியாது, பாட்டு போட முடியாது, பேச முடியாது, எழுதத்தான் முடியும். ஜன்னல் சீட்டுக்காரர்கள் வெளியே என்ன தெரிகிறது என்று எழுத வேண்டும், அவர்கள் மழை என்று எழுதினால் மழை, கருவேலங்காடு என்று எழுதினால் கருவேலங்காடு, அதைப் பார்த்து மற்றவர்கள் ஷட்டரை இறக்குவார்கள், அல்லது கையை வெளியே நீட்டுவார்கள். பஸ் எந்த ஊருக்கும் போய்ச் சேராது, அதனால் யாருக்கும் இறங்குகிற அவசரமும் கிடையாது. நாற்பத்திரண்டு சீட்டுக்கு நாற்பத்திரண்டு பேர், அதற்கு மேல் ஒருத்தர் கிடையாது.

ஒரே ஒரு கறாரான சட்டம் உண்டு. ஏழு நாள் ஒரு சீட்டிலிருந்து ஒரு வரிகூட வராவிட்டால் அந்தச் சீட்டு காலி, யார் வேண்டுமானாலும் உட்காரலாம். சட்டம் போட்டவர் சீனிராஜ், அதை உடைக்க வழி கண்டுபிடித்தவர்கள் மற்ற நாற்பத்தோரு பேரும். பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறோமே, அதே வேலைதான். பிள்ளை பெறப் போனவளுக்கு, ஆபரேஷனுக்குப் படுத்தவனுக்கு, கரண்ட் இல்லாத ஊரில் மாட்டிக்கொண்டவனுக்கு, பக்கத்துச் சீட்டுக்காரர் அவர்கள் பேரில் ஏறி ஒரு வரி எழுதுவார், "இருக்கேன், தூங்குறேன், எழுப்பாதீங்க" என்று. அதற்குப் பெயர் துண்டு போடுவது. எல்லோருடைய ஏறும் சொல்லும், அதாவது பாஸ்வேர்டும், எல்லோருக்கும் தெரியும், ஒளிவு மறைவு கிடையாது. செத்துப்போன இரண்டு பேருக்கும் இன்றுவரை துண்டு விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

இருபதாம் சீட்டுக்காரி மரியபுஷ்பம். தூத்துக்குடி உப்பளத்து எடைமேடையில் வேலை. உப்பு லாரி வந்து மேடையில் ஏறி நிற்கும், எடையைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அடித்துச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பாள், அடுத்த லாரி வருகிறவரைக்கும் பஸ்ஸில் இருப்பாள். ஐம்பத்து மூன்று வயது, ரத்தக் கொதிப்பு உண்டு, கோபம் அதைவிட உண்டு. அவளுக்குப் பக்கத்து ஜன்னல் சீட்டு பத்தொன்பது, மேலப்பாளையத்து ஜைத்தூன் பீவியுடையது.

ஜைத்தூன் அக்கா கருவூலத்தில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். முடக்குவாதம் வந்து பத்து விரலும் உள்ளங்கைக்குள் மடங்கி அப்படியே பூட்டிக்கொண்டன, எழுத முடியாது, தட்டவும் முடியாது. ஆனால் வாய் இருக்கிறதே! தினமும் காலை பத்து மணிக்கு பஸ்ஸில் இருக்கிற யாராவது ஒருத்தருக்கு, முறை வைத்து, வீட்டாள் நம்பரை அழுத்திக் கொடுக்க, போன் போடுவார். அவர்கள் அன்றைய பேச்சை வாசித்துக் காட்ட வேண்டும், இவர் சொல்லச் சொல்லப் பத்தொன்பதாம் சீட்டில் அடிக்க வேண்டும். பதினோரு வருசமாக அந்தச் சீட்டின் ஜன்னலில் தெரிந்ததெல்லாம் அவர் வாயால் சொல்லி மற்றவர்கள் கையால் அடித்தது. பஸ்ஸிலேயே நல்ல ஜன்னல் அதுதான். அக்கா வெளியே பார்த்து ஓர் ஆடு என்றால் அந்த ஆடு யார் வீட்டு ஆடு, எதைத் தின்றுவிட்டு ஓடி வருகிறது என்பது வரைக்கும் தெரிந்துவிடும்.

ஆய்வேடு ஏறிய நாளிலிருந்து தினமும் ஒன்பதே காலுக்கு ஒரு பக்கம் ஒப்பித்தது. யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லாது, அதுபாட்டுக்கு ஒப்பிக்கும், ஆனால் இவர்கள் எதையாவது மறுத்து எழுதினால் மறுநாள் அதே பக்கம் திருந்தி வரும். பயணிகளுக்கு அது சீக்கிரம் பழகிவிட்டது. முதல் நாலு நாள் அது பெயர்ப் பட்டியலை ஒப்பித்தது, அவரவர் தங்கள் பெயர் எங்கே வருகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். ஏழாம் சீட்டு அருணகிரி, தென்காசியில் முத்திரைத்தாள் விற்கிறவர், தன் பெயர் அறுபத்தோரு இடத்தில் வருவதை எண்ணி வைத்துக்கொண்டார், அன்றிலிருந்து அவர் எழுதுகிற வரியெல்லாம் மேற்கோள் காட்டத் தோதாக வரத் தொடங்கியது. மார்த்தாண்டத்து செல்வராணி, ஒரு அடிக்குறிப்பில்கூட தன் பெயர் இல்லை என்று மூன்று நாள் முறுக்கிக்கொண்டு ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தாள். ஒருத்தர் மகளுக்கு எப்போது வரன் அமையும் என்று கேட்டார், இன்னொருத்தர் எந்த வருசம் நல்ல மழை என்று கேட்டார், ஆய்வேட்டுக்கு அதெல்லாம் தெரியவில்லை. இவர்கள் எத்தனை தரம் டீ என்று எழுதினார்கள் என்று தெரியும், ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. அந்த டீயில் சர்க்கரை உண்டா இல்லையா என்று தெரியாது.

ஏழாம் நாள் அது பஞ்சத்தைப் பற்றிச் சொன்னது. "இச்சமூகத்தினர் நாளொன்றுக்கு மும்முறை ஒருவரையொருவர் உணவு உண்டாயிற்றா என வினவிக்கொள்கின்றனர். எனவே இக்காலகட்டத்தில் தென்மாவட்டங்களில் கடும் பஞ்சம் நிலவியது உறுதியாகிறது." மரியபுஷ்பம் எடைமேடையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். போனில் அதை வாசித்துக் காட்டியபோது ஜைத்தூன் அக்கா சிரிக்கவில்லை. "பாவம் புள்ள. அதுகிட்ட ஒருத்தரும் சாப்டியான்னு கேட்டதே இல்ல போலுக்கு" என்றார்.

அந்த இரக்கத்துக்குக் கிடைத்த பரிசைப் பாருங்கள். பன்னிரண்டாம் நாள் காலை, பஸ் கயத்தாறு தாண்டிப் போய்க்கொண்டிருக்கும்போது, ஆய்வேடு ஒப்பித்தது: "இருக்கை எண் பத்தொன்பதில் எவரும் அமர்ந்திருக்கவில்லை. ஜைத்தூன் பீவி என்பவர் பயணிகள் கூடிப் புனைந்த கற்பனைப் பாத்திரம். ஒவ்வொருவரும் விசைகளைத் தட்டும் முறை அவரவர் நடையைப் போலத் தனித்துவமானது. பேருந்தின் பதிவுகள் முழுவதிலும் நாற்பத்தொரு கைகளின் நடையே காணப்படுகிறது. நாற்பத்திரண்டாவது கை இல்லை."

மரியபுஷ்பத்துக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. மேடையில் நின்ற லாரிக்கு ஒரு டன்னைக் கூட்டி அடித்துவிட்டாள், டிரைவர் சத்தம் போட்டபிறகுதான் பார்த்தாள். இருக்கிற மனுசியை இல்லை என்கிறது! நேற்று பத்து மணிக்குப் போனில் தும்மின மனுசியை! "கட்டையில போற ஆய்வேடே, யாரைச் சொல்லுத?" என்று பஸ்ஸிலேயே அடித்தாள். அன்றைக்கு எல்லோரும் அவள் பக்கம்தான். சீனிராஜ் தலைமையில் நாற்பத்தோரு சீட்டும், செத்துப்போன இரண்டு பேருக்குத் துண்டு போட்டும்கூட, ஒவ்வொன்றாகச் சத்தியம் செய்தன: ஜைத்தூன் பீவி உண்டு, மேலப்பாளையத்தில் இருக்கிறார், நாங்கள் சாட்சி. ரேஷன் கார்டு, ஆதார், ஓட்டுப் போடுகிற பூத்து, பென்ஷன் ஆர்டரில் உள்ள தேதி, எல்லாவற்றையும் அக்காவிடம் கேட்டு வாங்கி வரிசையாக அடித்தார்கள்.

மறுநாள் பக்கம் திருந்தி வந்தது. எப்படி என்றால், "தாம் புனைந்த பாத்திரத்தைக் காக்க இச்சமூகம் நடத்திய கூட்டுச் சத்தியம் நெஞ்சை நெகிழ்விப்பது. அப்பாத்திரத்திற்கு ஆவணங்களைக்கூட நுணுக்கமாகக் கற்பித்துள்ளனர்" என்று. மறுக்க மறுக்க அது வளர்ந்தது. பதினாறாம் நாள் அது ஒரு முழு இயலாகவே ஆகிவிட்டது, ஐந்தாம் இயல், முப்பத்தெட்டுப் பக்கம். "முகமறியா எளிய மனிதர் நாற்பத்தொருவர் கூடி ஒரு பெண்ணை இல்லாமையிலிருந்து எழுப்பினர். தமிழில் ஒரு சிறு சமூகம் எட்டிய கற்பனையின் உச்சம் இது."

அங்கேதான் வந்தது வினை. உச்சம் என்ற சொல்லைக் கேட்டதும் பஸ்ஸுக்குள் பேச்சு குறைந்தது. அடுத்த நாள் சத்தியம் செய்ய இருபது பேர்தான் இருந்தார்கள், அதற்கடுத்த நாள் ஒன்பது பேர். அருணகிரி எழுதினார், "புஷ்பம், கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பாருங்க. அந்தம்மா இருந்தா நாம வெட்டிக் கதை பேசுன நாப்பத்திரண்டு பேரு. அந்தம்மா இல்லன்னா நாம படைப்பாளிங்க."

"உசிரோட இருக்கிற பொம்பளைய இல்லன்னு எழுதிட்டு அதுக்கு மால வேற போட்டுக்கிடுவியளா? வெக்கமா இல்ல?"

"நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா?"

மரியபுஷ்பம் வந்து நின்ற லாரிக்கு முதலில் எடைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். பார்த்ததில்லை. தூத்துக்குடிக்கும் மேலப்பாளையத்துக்கும் ஒன்றரை மணி நேரம்தான், பதினோரு வருசமாக வருகிறேன் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள், ஒரு பெருநாளைக்குப் போக வேண்டும் என்று சேலைகூட எடுத்து வைத்தாள், போகவில்லை. மற்றவர்களைக் கேட்டால் அவர்களும் பார்த்ததில்லை. போனில் கேட்டது கரகரத்த குரல் என்றாள் ஒருத்தி, இல்லை கீச்சுக் குரல் என்றான் ஒருத்தன், சின்ன வயசுக் குரலாக இருந்ததே என்றார் இன்னொருத்தர். பதினோரு வருசம் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தவளை எழுபது வருசத்துக்கு அப்பாலிருந்து ஒரு தாள்கட்டு வந்து சந்தேகப்பட வைக்கிறது என்றால், அந்தத் தாள்கட்டை என்ன செய்தால் தகும்?

அதோடு விட்டார்களா? ஜைத்தூன் அக்கா போன் போட்டால் எடுப்பதை நிறுத்தினார்கள், ஆனால் பத்தொன்பதாம் சீட்டில் வரிகள் வந்துகொண்டிருந்தன. அவர்களாகவே எழுதினார்கள், அக்காவைவிட அழகாக, மேற்கோளுக்குத் தோதாக.

"ஏட்டி புஷ்பம், மூணு நாளா ஒருத்தனும் போன எடுக்க மாட்டேங்கான். எனக்கு யாரு துண்டு போடுதா? என்ன எழுதிருக்கு, வாசி" என்றார் அக்கா.

மரியபுஷ்பம் தயங்கித் தயங்கி வாசித்தாள்: "வேப்பம்பூ உதிர்கிறது. அதனோடு என் மௌனமும் உதிர்கிறது."

அக்கா வெடித்தார். "எவன் எழுதுன எழவு இது? எங்க வீட்டுல வேப்பமரமே கெடையாது, முருங்கையில்லா நிக்கி. மௌனமாம்ல, மௌனம்! நான் என்னைக்குட்டி வாயை மூடிட்டு இருந்தேன்?"

"நான் அடிக்கேன்க்கா. நீங்க சொல்லுங்க, இப்பவே அடிக்கேன்."

"நீ அடிச்சா உன் கையின்னுல்லா சொல்லும் அது" என்றுவிட்டு அக்கா போனை வைத்துவிட்டார்.

இருபதாம் நாள் காலை ஒன்பதே காலுக்கு ஆய்வேடு ஒப்பிக்கவில்லை. ஒரே ஒரு வரி சொன்னது: "இருக்கை காலி. அமர்கிறேன்." உட்கார்ந்தேவிட்டது, பத்தொன்பதில், ஜன்னலோரம், சொகுசாக. அதற்கப்புறம் ஜன்னலுக்கு வெளியே ஆடும் இல்லை, ஆட்டை விரட்டுகிறவளும் இல்லை, "நிலக்காட்சி: வறண்டது" என்று மட்டும் வந்தது. மரியபுஷ்பம் சீனிராஜுக்குப் போன் போட்டுக் கத்தின கத்தலில் எடைமேடையில் நின்ற லாரி டிரைவர் கேபினிலிருந்து தலையை நீட்டினார்.

"யாரு கூடக்கா சண்ட?"

"என் பக்கத்துச் சீட்டுல ஒரு புஸ்தகம் வந்து உக்காந்துருக்குடே."

"எந்திரிக்கச் சொல்ல வேண்டியதுதான?" என்றார் டிரைவர், அவருக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எடைச் சீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சீனிராஜ் போனில் மென்று விழுங்கினார். "ரூல் அப்படித்தானம்மா இருக்கு. வரி வந்தா என்ன, ஆள் இல்லாத சீட்டுல யாரும் உக்காரலாம். இந்த நாலு வரிக்காகத்தான பரண்ல ஒத்தக் கம்ப்யூட்டர வச்சு மாரடிக்கேன். எழுவது வருசம் கழிச்சும் நம்ம பஸ்ஸப் பத்திப் பேசுதான்னா சும்மாவா?"

"பஸ்ஸப் பத்திப் பேசுதான், பஸ்ஸுல இருந்தவள எறக்கி விட்டுட்டுப் பேசுதான். நல்லா இருங்க" என்று மரியபுஷ்பம் போனை வைத்தாள். எட்டு நாள் ரத்தக் கொதிப்பு மாத்திரையும் கோபமுமாக ஓட்டினாள். ஒன்பதாம் நாள் லீவு சொல்லிவிட்டு, மகனுடைய பழைய லேப்டாப்பைச் சேலையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, தகரமும் டயரும் உள்ள நிஜ பஸ்ஸில் திருநெல்வேலிக்கு ஏறினாள். வல்லநாடு வரைக்கும் நின்றுகொண்டே போனாள். அங்கே ஒருத்தி ஜன்னல் வழியாகத் துண்டை வீசினபோது இவளுக்குக் கண் கலங்கிவிட்டது. போகிற இடத்தில் வீடு இருக்குமா, ஆள் இருக்குமா என்று அவள் யாரிடம் கேட்பாள்.

மேலப்பாளையத்தில் விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது, முதலில் தெரிந்தது முருங்கைமரம். பிறகு, உள்ளேயிருந்து குரல் கேட்டது, "மைமூனு, எவளோ வாசல்ல நின்னு மரத்தப் பாத்து அழுதுட்டு நிக்கா, யாருன்னு கேளு." அக்காவின் தம்பி மனைவி மைமூன் கதவைத் திறந்தாள். கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த மனுசி, அந்தக் குரலுக்குப் பாதி அளவுகூட இல்லை. ஒல்லி, கண்ணாடி, வெள்ளைத் துப்பட்டி, மடியில் இரண்டு கைகளும் மூடின மொட்டுகள் மாதிரி.

"புஷ்பமா?" என்றார் அக்கா. "பதினோரு வருசங் கழிச்சு, நான் இல்லன்னு எவனோ சொன்ன பொறவுதான் பாக்க வந்தியாக்கும்?"

மரியபுஷ்பம் பையைக் கீழே வைத்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்த மூடின கையைப் பிடித்துக்கொண்டு நன்றாக அழுதாள். அக்கா அழவிட்டார். பிறகு மரியபுஷ்பம் லேப்டாப்பைத் திறந்து, அக்கா, ஒரே ஒரு வரி, உங்க கையாலே, எந்த விரலாலயாவது, அதுக்கு நாற்பத்திரண்டாவது கை வேணுமாம், காட்டிருவோம் என்று கெஞ்சினாள்.

"எதுக்குட்டி காட்டணும்? முப்பத்தொரு வருசம் கருவூலத்துல உக்காந்து வருசா வருசம் பென்ஷன் வாங்குத கெழடு கட்டைகள எல்லாம் வரவழைச்சு, உசிரோட இருக்கேன்னு கையெழுத்துப் போடுங்கன்னு கேட்டவ நான். ஒருக்க ஒரு தாத்தா கோவத்துல கவுன்ட்டருக்குள்ள கைய விட்டு என் கன்னத்தக் கிள்ளிட்டாரு. 'இப்பத் தெரியுதா இருக்கேன்னு?'ன்னாரு. அன்னைக்கு எனக்குக் கோவம் வந்துச்சு. இன்னைக்கு அந்த மனுசன் மேல மரியாத வருது. இப்ப என்னைய பேங்குக்காரன் வருசத்துக்கு ஒருக்க கேக்கான். பொறக்காதவனுக்கும் நான் காட்டணுமோ?"

"காட்டலன்னா ஒங்க சீட்டுல அதுல்லாக்கா உக்காந்துருக்கு."

"வாசி. நான் இதுவரைக்கும் சொன்னத வாசி. முதல்ல இருந்து."

மரியபுஷ்பம் பழைய வரிகளை எடுத்து வாசிக்கத் தொடங்கினாள். நாலு வரி தாண்டுவதற்குள் அக்காவின் முகம் மாறியது. "நில்லு. 'தயவுசெய்து அந்த ஆட்டைப் பிடியுங்கள்.' நானாட்டி தயவுசெய்துன்னு சொன்னேன்?" மரியபுஷ்பம் தலையைக் குனிந்தாள். அக்கா என்ன சொன்னார் என்று அவளுக்கு நன்றாக நினைவிருந்தது, அதை அடிக்கக் கை கூசித்தான் தயவுசெய்து போட்டாள். அவள் மட்டுமா? செல்வராணி மார்த்தாண்டத்துப் பேச்சில் அடித்திருந்தாள், அருணகிரி பத்திர நடையில் அடித்திருந்தார், ஒருத்தர் வசவையெல்லாம் வெட்டிவிட்டு, இன்னொருத்தர் நடுவில் தன் தத்துவத்தைச் செருகி, ஆளுக்கு ஒரு ஜைத்தூனாக அடித்திருந்தார்கள். போனில் திருப்பி வாசித்துக் காட்டும்போது மட்டும் அக்கா சொன்ன மாதிரியே சொல்லிவிடுவார்கள், அவருக்கு எப்படித் தெரியும்?

"நல்ல காரியம் பண்ணிய" என்றார் அக்கா. இந்தத் தடவை குரலில் சத்தமே இல்லை. "நாப்பத்தோரு பேரும் சேந்து என்னைய நல்லவளாக்கிட்டிய. இதுல நான் எங்கட்டி இருக்கேன்? இதப் படிச்சா நானே சொல்லுவேன், இவ இல்லன்னு. அந்தப் புள்ள மேல என்ன தப்பு?"

வந்த வழியெல்லாம் யாரைத் திட்டிக்கொண்டு வந்தாளோ அந்த ஆள் வரிசையில் மரியபுஷ்பமும் நின்றாள், அதுவும் முதலில். "என்னையத் திட்டுங்க, ஒழுங்கா நாலு வசவு வைங்க, ஆனா சீட்ட விட்றாதீங்க" என்றாள்.

அக்கா மைமூனிடம் முதுகுக்குத் தலையணை வைக்கச் சொன்னார். பிறகு, "இங்கன கொண்டா அத" என்றார்.

வலது கையைத் தூக்கிச் சுண்டுவிரல் முட்டியை விசையின் மேல் வைத்தார். முட்டி ஒரே நேரத்தில் இரண்டு விசையில் விழுந்தது. எடுத்தால் எடுக்கிறதற்குள் அதே எழுத்து இன்னொரு தரம் விழுந்தது. வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டார், நெற்றியில் வேர்வை கோத்தது, மைமூன் வந்து துடைத்துவிட்டாள். தாங்க முடியாமல் மரியபுஷ்பம் ஒரு எழுத்தை அழிக்கக் கையை நீட்டினாள். "கை வச்ச, ஒடிச்சிருவேன்" என்றார் அக்கா. ஒரு வரிக்கு முக்கால் மணி நேரம். பன்னிரண்டரைக்குப் பத்தொன்பதாம் சீட்டில், அங்கே உட்கார்ந்திருந்ததன் மடிமேலேயே, அந்த வரி விழுந்தது:

எந்ந்திரிலே மூதேவ்வி இஇது எஞ்ச் சீட்ட்டு

மரியபுஷ்பம் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை. பஸ்ஸில் மற்ற எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தரும் எழுதவில்லை, மேற்கோளுக்கு எப்போதும் தயாராக இருக்கிற அருணகிரிகூட எழுதவில்லை. காலை ஒன்பதே காலைத் தவிர வேறு நேரத்தில் வாயே திறக்காத ஆய்வேடு, அன்றைக்கு முதல்முறையாக உச்சிவேளையில் பேசியது.

"நாற்பத்திரண்டாவது கை" என்றது. அப்புறம் நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. முப்பத்தெட்டுப் பக்கத்தைக் கிழிக்க நேரம் ஆகாதா? பிறகு, "ஐந்தாம் இயல் நீக்கப்படுகிறது" என்றது. பிறகு, "எழுந்துவிட்டேன்" என்றது. சீனிராஜ் மட்டும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நின்னுக்கிட்டு வாரும்" என்று எழுதினார், அவருக்கு வேறு என்ன எழுத என்று தெரியவில்லை.

நின்றுகொண்டது. நின்றபிறகு, இன்னும் கட்டாத கட்டடத்தின் மொழியில் இல்லாமல், பஸ்ஸில் பதினோரு வருசமாக எல்லோரும் பேசிக்கொண்ட பேச்சில், தட்டுத் தடுமாறி ஒரு வரி கேட்டது:

"அம்மா, சாப்டீங்களா?"

மரியபுஷ்பம் லேப்டாப்பை அக்கா பக்கம் திருப்பிக் காட்டினாள். அக்கா கண்ணாடியைச் சரிசெய்யச் சொல்லி, அந்த வரியை இரண்டு தரம் படித்தார். மைமூன் இடியாப்பத்தையும் அதற்குத் தொட்டுக்கொள்ள ஆணத்தையும் கொண்டுவந்து வைத்தாள், மரியபுஷ்பம் பிட்டு ஊட்டினாள், அக்கா வாங்கிக்கொண்டார்.

"பதில் சொல்லலையாக்கா? பாவம், கேட்டுட்டு நிக்கி."

"நிக்கட்டும்" என்றார் ஜைத்தூன் பீவி, மென்றுகொண்டே. "ஒம்போது நாளு எஞ்சீட்டுல உக்காந்துருக்கு. கொஞ்சம் காலு வலிக்கட்டும், பொறவு சொல்லுவோம்."